சதுப்புப் புல்லின் குலவரலாறு

அற்பமான ஒன்றைச் சுட்ட வேண்டுமென்றால் நாம் புல்லைத்தான் துணைக்கழைக்கிறோம். ஆயினும் கடலோரச் சதுப்புகளில் வளரும் ஒரு புல்வகை, கடந்த இருநூறு ஆண்டுகளாகத் தாவரவியலாளரையும் அரசுகளையும் திகைக்க வைத்துக்கொண்டிருக்கிறது. ஸ்பார்ட்டினா என்பது அதன் பெயர். உருவில் ஒன்றையொன்று ஒத்த அதன் சிற்றினங்களைப் பிரித்தறிய மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளின் வரலாறு, புல்லைப் பற்றியது மட்டுமன்று. ஒன்றுக்குப் பெயரிடுவது எத்தகைய பொறுப்பு என்பதையும் அது நமக்குக் காட்டுகிறது.

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள சவுத்தாம்டன் துறைமுகக் கழியில் இவ்வரலாறு தொடங்குகிறது. அங்கே ஸ்பார்ட்டினா மாரிட்டிமா என்னும் சிறிய புல் பழங்காலம் தொட்டே வளர்ந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஸ்பார்ட்டினா ஆல்டர்னிஃபுளோரா என்னும் வட அமெரிக்கப் புல் அங்கு வந்து சேர்ந்தது. கப்பல்களின் அடிப்பாரமாக ஏற்றப்பட்ட மண்ணோடு அது வந்திருக்கலாம் என்பர். 1870இல் அக்கழியின் கரையிலுள்ள ஹைத் என்னும் ஊரருகே, இவ்விரண்டிலும் சேராத ஒரு புல் கண்டெடுக்கப்பட்டது. பிரெடெரிக் டவுன்செண்டு என்னும் தாவரவியலாளரின் நினைவாக அதற்கு டவுன்செண்டியை என்று பெயரிட்டனர். அது விதை தராத மலட்டுப்புல். வேர்க்கிழங்கால் மட்டுமே பரவியது. ஆனால் 1890களில் அதே தோற்றத்தில், விதை தரும் புல் ஒன்றும் தென்பட்டது. சில பத்தாண்டுகளில் அது தென்கரைச் சேற்றுவெளிகளை நிறைத்துவிட்டது. கரையைக் காக்கும் என்று நம்பி, பிற நாட்டாரும் அதைக் கொண்டுபோய் நட்டனர். 1963இல் அது சீனத்தையும் அடைந்தது.

இந்தப் புதிய புல்லின் பெற்றோர் யார்? கண் கொண்டு பார்த்தவர்களால் ஊகிக்க மட்டுமே முடிந்தது. 1930இல் ஹஸ்கின்ஸ் என்னும் அறிஞர் குரோமோசோம்களை எண்ணி, இது கலப்பினம் ஒன்றின் குரோமோசோம்கள் இரட்டித்ததால் பிறந்த இனம் என்று விளக்கினார். 1960களில் மார்ச்சண்ட் அவ்வெண்ணிக்கையைத் திருத்தினார். தாய்மண்ணின் புல்லுக்கு 60, அமெரிக்கப் புல்லுக்கு 62, மலட்டுக் கலப்பினத்துக்கு 62, விதை தரும் புல்லுக்கு 120 முதல் 124 வரை என்பன அவர் தந்த கணக்குகள். கியூ தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த ஹப்பர்டு இட்ட ஸ்பார்ட்டினா ஆங்கிலிகா என்னும் பெயர், 1978இல்தான் முறைப்படி நிலைபெற்றது. கடற்கரைகளை வென்று முடித்த பிறகே அப்புல்லுக்குத் தனக்கென ஒரு பெயர் வாய்த்தது.

எனினும் குரோமோசோம் எண்ணிக்கை, தாய் எது, தந்தை எது என்று சொல்வதில்லை. அதற்கு மரபணு அடையாளக்குறிகள் தேவைப்பட்டன. சுவடிப் பதிப்பில் பழகியோருக்கு இம்முறை அந்நியமானதன்று. ஒரே நூலின் பல ஏடுகளை ஒப்பிடும்போது, எல்லா ஏடுகளிலும் ஒத்திருக்கும் பகுதி உறவைக் காட்டாது. இரண்டு ஏடுகளில் மட்டும் ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்படின், அவை ஒரே மூலத்திலிருந்து படியெடுக்கப்பட்டவை என்று கருதுகிறோம். மரபணுவிலும் இவ்வாறே. தலைமுறைதோறும் படியெடுக்கப்படும் அந்நெடிய எழுத்துத் தொடரில், ஓர் இனத்தில் மட்டும் காணப்படும் சிறு மாற்றங்களே அதன் அடையாளக்குறிகள். தாவரத்தின் பசுங்கணிகத்துக்கும் தனியே மரபணுத் தொகுதி உண்டு. புற்களில் அது பெரும்பாலும் தாய்வழியாகவே இறங்குகிறது. 1997இல் ஆங்கிலேய ஆய்வாளர் அதைப் படித்துப் பார்த்து, ஆங்கிலிகாவின் தாய் அமெரிக்கப் புல்லே என்று நிறுவினர். வந்தேறியின் சூலகத்தில் உள்ளூர்ப் புல்லின் மகரந்தம் விழுந்ததால் ஓர் இனம் பிறந்திருக்கிறது.

இங்கிலாந்தில் இவ்வினா பெரிதும் அறிவுத் தேடலாகவே இருந்தது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் அது வாழ்வா சாவா என்னும் வினாவாயிற்று. சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவின் சொந்தப் புல் ஸ்பார்ட்டினா ஃபோலியோசா. 1970களில், சதுப்பைச் சீரமைக்கும் நன்னோக்குடன் அமெரிக்க இராணுவப் பொறியாளர் படையினர் கிழக்குக் கரையின் ஆல்டர்னிஃபுளோராவை அங்கு நட்டனர். இரண்டும் கலந்தன. இங்கிலாந்தின் முதற்கலப்பினம் போல இது மலடன்று. விதையும் மகரந்தமும் மிகுதியாகத் தந்து, பெற்றோருடன் மீண்டும் மீண்டும் கலந்தது. உயரமாகவும் அடர்த்தியாகவும் வளர்ந்து, கரைப்பறவைகள் இரைதேடும் திறந்த சேற்றுவெளிகளில் இறங்கியது. வெள்ளநீர்க் கால்வாய்களையும் அடைத்தது. 2000இல் கலிஃபோர்னியக் கடலோர வாரியம் இதை அகற்றத் தனித் திட்டமொன்றைத் தொடங்கியது. 2000களின் நடுவில் கலப்பினத்தின் பரப்பு ஏறத்தாழ 800 ஏக்கர்.

களைக்கொல்லியைத் தெளிக்கச் செல்பவர் எதன் மீது தெளிப்பது? முதல் தலைமுறைக் கலப்பினத்தைப் பெரும்பாலும் கண்ணால் அறியலாம். சொந்தப் புல்லோடு பன்முறை கலந்த பின்வந்த தலைமுறைகளோ, சொந்தப் புல்லைப் போன்றே தோன்றின. 1990களின் இறுதியில் ஆய்வாளர்கள் மரபணு அடையாளக்குறிகளைக் கொண்டு சோதித்தபோதுதான், சொந்தப் புல் என்று நம்பப்பட்டவற்றுள்ளும் கலப்பினம் ஒளிந்திருப்பது வெளிப்பட்டது. அதுமுதல் ஐயத்துக்குரிய புல்லின் இலை ஆய்வகத்துக்குச் செல்வதும், விடை வந்தபின் அதன் விதி முடிவாவதும் வழக்கமாயின.

ஆனால் அந்த விடைக்கும் ஓர் எல்லை உண்டு. அந்நியப் புல்லுக்கே உரிய 10 அடையாளக்குறிகளைத் தேடுவதாகக் கொள்வோம். முதற்கலப்பினத்தில் பத்தும் இருக்கும். சொந்தப் புல்லோடு ஒவ்வொரு முறை கலக்கும்போதும், ஒரு குறி அடுத்த தலைமுறைக்கு இறங்கும் வாய்ப்பு பாதியாகக் குறையும். நான்கு முறை கலந்தபின் அது பதினாறில் ஒன்று. அக்குறிகள் ஒன்றையொன்று சாராமல் இறங்குவனவாயின், அத்தலைமுறைப் புற்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவற்றில் பத்தில் ஒன்றும் தென்படாது. அவை தூய புல் என்றே சான்று பெறும். குறிகளைக் கூட்டினால் மேலும் பலவற்றைக் கண்டுபிடிக்கலாம். அப்போது முப்பத்திரண்டில் ஒரு பங்கு அந்நியமான புல்லைக் கொல்ல வேண்டுமா என்னும் வினா எஞ்சும். இதற்கு ஆய்வகத்தில் விடை இல்லை. கோட்டை எங்கே கிழிப்பது என்பதை மனிதர்தாம் முடிவு செய்ய வேண்டும்.

அக்கோட்டின் மறுபுறம் ஒரு பறவையும் நின்றது. கானாங்கோழிக் குடும்பத்தைச் சேர்ந்த, அவ்வளைகுடாவுக்கே உரிய ஒரு பறவை, 1970 முதல் அழியும் தறுவாயில் உள்ளதாகச் சட்டத்தின் காவலில் இருக்கிறது. உயர்ந்து அடர்ந்த கலப்பினப் புல்லில் அது மறைவிடமும் கூடுகட்ட இடமும் கண்டுகொண்டது. புல் அகற்றப்பட்ட ஆண்டுகளில் பறவையின் எண்ணிக்கையும் சரிந்தது. ஆகவே 2011 முதல் சில பகுதிகளில் களைநீக்கத்தை நிறுத்திவைத்தனர். மறைவு தரும் சொந்தச் செடிகளை நட்டு வளர்க்கும் பணியும் தொடங்கிற்று. பெயரளவில் அந்நியமான புல், பறவைக்கு வீடாக இருந்தது. இன்னது எது என்று மரபணு சொன்னது. இன்னது செய்க என்று சொல்லவில்லை.

பெயர்களும் நிலையாக நிற்கவில்லை. 2014இல் மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் அப்பறவையைத் தன் பழைய இனத்திலிருந்து பிரித்து, ரிட்ஜ்வே கானாங்கோழி என்று பெயர் மாற்றினர். அதே ஆண்டில், அதே வகைச் சான்றைக் காட்டி, ஸ்பார்ட்டினா என்னும் பேரினத்தையே ஸ்போரோபோலஸ் என்பதில் அடக்க வேண்டும் என்றனர் வகைப்பாட்டியலார். சதுப்பு ஆய்வாளர் பலர் அதை ஏற்க மறுத்து, பழைய பெயருக்காக வாதாடினர். இவ்வாதங்கள் தாளில் நிகழ்கின்றன. ஆனால் வளைகுடாவின் சேற்றில் நிற்கும் ஒரு புல்லுக்கு, தான் எப்பெயரில் அடங்குகிறோம் என்பதே நிற்பதா மடிவதா என்பதை முடிவு செய்கிறது. அம்முடிவைப் புல்லின் மரபணு எடுப்பதில்லை. அதைப் படிக்கும் நாமே எடுக்கிறோம்.