சுற்றுநிருபமும் யூரர் குழுவும்: 1797ஆம் ஆண்டு வேர்ஜினியா விவகாரம்

பிரதிநிதித்துவ ஆட்சிமுறையில் வாக்காளனின் அதிகாரம் தேர்தல் நாளோடு முடிந்துவிடுவதில்லை. தான் தெரிவுசெய்து அனுப்பியவர் சட்டசபையிலே என்ன செய்கிறார், அங்கு எத்தகைய மசோதாக்கள் விவாதிக்கப்படுகின்றன என்பவற்றை அறிந்தாலன்றி, அடுத்த தேர்தலில் அவன் நியாயமான தீர்ப்பை வழங்க முடியாது. ஆயின், இவற்றைத் தொகுதி மக்களுக்கு எழுதி அறிவிக்கும் பிரதிநிதியை அவ்வெழுத்துக்காக நீதிமன்றம் விசாரிக்கலாமா? ஐக்கிய அமெரிக்காவில் 1797இல் எழுந்த சாமுவேல் கபெல் விவகாரம் இவ்வினாவையே மையமாகக் கொண்டிருந்தது.

அமெரிக்கக் காங்கிரஸ் 1789இல் கூடியபோது பிரதிநிதிகள் சபையின் பார்வையாளர் மாடம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. செனற் சபையோ 1795 வரை மூடிய கதவுகளுக்குள்ளேயே கூடியது. பத்திரிகைகள் வெளியிட்ட விவாதக் குறிப்புகளும் முழுமையானவையல்ல. தலைநகரான பிலடெல்பியாவிலிருந்து தொலைவிலிருந்த தென் மாநிலங்களுக்கும் மேற்கெல்லைக் குடியேற்றங்களுக்கும் செய்தி சென்றடைவது இன்னும் அரிதாயிருந்தது. 1792ஆம் ஆண்டின் தபாற் சட்டப்படி, 450 மைலுக்கு அப்பால் அனுப்பப்படும் ஒற்றைத்தாள் கடிதமொன்றுக்கு 25 சதம் செலுத்த வேண்டியிருந்தது. காங்கிரஸ் உறுப்பினர்களுக்கோ தபாற் கட்டணமின்றிக் கடிதம் அனுப்பும் சலுகை இருந்தது. இப்பின்னணியிலேயே அச்சிட்ட சுற்றுநிருபங்கள் தோன்றின. நிறைவேறிய சட்டங்கள், வரிகள், பொதுக்கடன், பிறநாட்டு உறவுகள் முதலியவற்றைச் சுருக்கிக் கூறி, பிரதிநிதியின் கையொப்பத்துடன் இவை அனுப்பப்பட்டன. உள்ளூர்ப் பத்திரிகைகள் இவற்றை மறுபிரசுரம் செய்ததால், பெற்றவர்களிலும் பன்மடங்கானோர் இவற்றைப் படித்தனர். 1789 முதல் 1829 வரையான இத்தகைய நிருபங்கள் மூன்று தொகுதிகளாக 1978இல் வெளியிடப்பட்டுள்ளன.

வேர்ஜினியாப் பிரதிநிதியான கபெல், அரசாங்கத்தை எதிர்த்த குடியரசுக் கட்சியைச் சார்ந்தவர். பிரான்சுடனான உறவு சீர்கெட்டு, போர் மூளுமோ என்ற அச்சம் பரவியிருந்த வேளையில், அவருடைய நிருபங்கள் ஆட்சியாளரின் கொள்கையை வன்மையாகச் சாடின. 1797 மே மாதத்தில், நீதியரசர் ஜேம்ஸ் அயர்டெல் முன்னிலையில் ரிச்மண்டிற் கூடிய கூட்டாட்சி நீதிமன்றத்தின் பெரும் யூரர் குழு, இத்தகைய நிருபங்களை, சிறப்பாகக் கபெலின் பெயர் தாங்கியவற்றை, ஆபத்தான காலத்தில் அரசாங்கத்தின்மீது ஆதாரமற்ற அவதூறு பரப்பும் தீங்கு எனக் குறித்துச் சமர்ப்பணம் செய்தது. இது குற்றப்பத்திரமன்று; இதைத் தொடர்ந்து வழக்கும் நடைபெறவில்லை. எனினும், மக்கள் பிரதிநிதி தன் வாக்காளருக்கு எழுதியதை நீதிமன்றத்தின் ஓர் அங்கம் கண்டித்தமை புதுமையானதே.

அப்போது உப சனாதிபதியாயிருந்த தோமஸ் ஜெபர்சன் தம் பெயரை மறைத்து, வேர்ஜினியாப் பிரதிநிதிகள் சபைக்கு விண்ணப்பமொன்றை வரைந்தார். பிரதிநிதிக்கும் மக்களுக்குமிடையிலான கருத்துப் பரிமாற்றம் தடையற்றதாயிருத்தல் வேண்டும் என்பதும், அதனை நீதித்துறை ஆராயப் புகின் சட்டத்துறை அதற்கு அடிமைப்படும் என்பதும் அவர் வாதத்தின் சாரமாகும். அதே ஆண்டின் இறுதியில் அச்சபை யூரர்களின் செயலைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. கபெல் 1803 வரை காங்கிரஸில் தொடர்ந்து அங்கம் வகித்தார்.

எனினும் ஜெபர்சனின் விண்ணப்பம் முரண்பாடற்றதன்று. கருத்துரிமைக்காகக் குரல்கொடுத்த அதே ஆவணம், கருத்துரைத்த யூரர்களைத் தண்டிக்கவும் கோரியது. அரசியல் சபையொன்று யூரர்களைத் தண்டிக்குமாயின் நீதித்துறையின் சுதந்திரம் என்னாவது என்ற வினாவுக்கு அதில் தக்க விடை இல்லை.

யூரர் குழுவிடம் வெறும் கண்டனமாயிருந்தது அடுத்த ஆண்டிலே சட்டமாயிற்று. 1798 ஜூலை 14ஆந் திகதி நிறைவேறிய இராசத்துரோகச் சட்டம், அரசாங்கத்தையோ காங்கிரஸையோ சனாதிபதியையோ இழிவுபடுத்தும் பொய்யான எழுத்தைக் குற்றமாக்கியது. வேர்மொன்ட் பிரதிநிதி மத்தியூ லயன், சனாதிபதி அடம்ஸின் ஆடம்பர மோகத்தைச் சாடிப் பத்திரிகைக்கு எழுதிய கடிதம் முதலியவற்றுக்காக நான்கு மாதச் சிறையும் 1,000 டொலர் தண்டமும் பெற்றார். அக்கடிதம் சட்டம் பிறக்குமுன் எழுதப்பட்டு, பிறந்தபின் வெளியானது என்பது கவனிக்கத்தக்கது. சிறையிலிருந்தபடியே அவர் மீண்டும் தெரிவானார். சட்டம் 1801இல் காலாவதியாயிற்று. தண்டப்பணம் 1840இல் அவருடைய வாரிசுகளுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

சபையினுள் பேசியதற்காக உறுப்பினரை வேறெங்கும் வினவலாகாது என்று அமெரிக்க அரசியலமைப்பு விதிக்கின்றது. அதே பேச்சை அவர் வாக்காளருக்கு எழுதினால் இப்பாதுகாப்பு அவரைத் தொடருமா? செனற்றர் வில்லியம் புரொக்ஸ்மயர் சம்பந்தப்பட்ட வழக்கிலே, தொகுதி மக்களுக்கு அனுப்பும் செய்திமடலுக்கு அப்பாதுகாப்பு இல்லையென 1979இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனிமனிதனின் நற்பெயரைக் காப்பது பற்றிய அவ்வழக்கு, அரசாங்கத்தைக் குறைகூறிய கபெல் விவகாரத்தினின்றும் வேறுபட்டதே. ஆயினும், பிரதிநிதியின் சொல் சபையின் வாயிலைக் கடந்ததும் அதன் சட்டத் தகுதி மாறுகின்றது என்பதை அது தெளிவாக்கியது.

இச்சுற்றுநிருபங்களைப் பக்கச்சார்பற்ற செய்தி ஏடுகளாகக் கொள்ளல் பொருந்தாது. கட்சிக் கண்ணோட்டமும் மறுதேர்தல் ஆவலும் அவற்றிலே கலந்திருந்தன. மேலும், 1790ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ ஏழரை இலட்சம் பேர் வாழ்ந்த வேர்ஜினியாவில், 2,90,000இற்கு மேற்பட்டோர் அடிமைகள். அவர்களை நோக்கி எந்நிருபமும் எழுதப்படவில்லை. பெண்களுக்கும் வாக்குரிமை இருக்கவில்லை. தடையற்ற கருத்துப் பரிமாற்றம் என ஜெபர்சன் போற்றியது ஒரு சிறு வட்டத்துக்குள்ளேயே நிகழ்ந்தது.

எனினும், அவ்வட்டத்துக்குள் தீர்மானிக்கப்பட வேண்டியிருந்த பிரச்சினை சிறியதன்று. ஒருதலைப்பட்சமான மடலுக்கு மறுமொழி இன்னொரு மடலா, சிறைத்தண்டனையா என்பதே அது. கபெலின் வாக்காளரும் லயனின் வாக்காளரும் அதற்குத் தம் வாக்காலேயே விடையளித்தனர். ஆட்சியாளர் கண்டித்த எழுத்துக்களைத் தாமே படித்து மதிப்பிடும் உரிமையை அவர்கள் எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.