கல்மழையும் ஓட்டுக் கூரையும்

1999 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆம் நாள் மாலை ஆஸ்திரேலியாவின் சிட்னி மாநகரில் கல்மழை பொழிந்தது. கடல்பக்கம் போய்விடும் என்று வானிலையாளர் எண்ணியிருந்த மேகம் நகரின்மேல் திரும்பிற்று. 9 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கற்கள்! 20,000 வீடுகளுக்கு மேல் சேதம். ஓர் ஓடு வெடித்தாலே மழைநாளில் படும் பாடு ஓட்டு வீட்டில் வளர்ந்த நம் பங்கு மக்களுக்குத் தெரியும். அங்கோ தெருத்தெருவாகக் கூரைகள் நொறுங்கின. ஓடும் கிடைக்கவில்லை, வேய்வதற்கு ஆளும் போதவில்லை. தொண்டர்களும் தீயணைப்போரும் வீடுவீடாக ஏறித் தார்ப்பாய் விரித்துக் கட்டினர். பின்வந்த காற்று அவற்றைப் பிய்த்தெறிந்தது, மீண்டும் ஏறினர். கல்லின் பருமனையே பலரும் வியந்து பேசுவர். நாமோ, அந்த இரண்டாம் ஏற்றத்தையே பெரிதாக மதிக்கிறோம். பல குடும்பங்கள் மாதக்கணக்கில் தார்ப்பாயின் கீழேயே குடியிருந்தன.