சிப்பியின் இருவகைத் தசைகள்: ஓர் ஆராய்ச்சியின் வரலாறு

ஸ்காலப் எனப்படும் விசிறி வடிவச் சிப்பியின் இரு ஓடுகளையும் இழுத்து மூடும் தசை, வெளிப்பார்வைக்கு ஒன்றேயாயினும், அருகருகே அமைந்த இரு பாகங்களால் ஆனது. பெரிய பாகம் வரிகளையுடையது. ஓடுகளைச் சடசடவென அடித்து, நீரைப் பீறிட்டு வெளியேற்றி, அப்பிராணியை நீந்தச் செய்வது. சிறிய பாகம் வரியற்றது. நிதானமாகச் சுருங்கி, ஒருமுறை இறுகியபின் மணிக்கணக்காகச் சக்தியை மிகச் சொற்பமாகவே செலவிட்டு, தாழ்ப்பாளிட்டது போல் ஓடுகளைப் பூட்டி வைப்பது. இவ்விரு சுபாவங்களுக்கும் காரணம் யாது என்ற கேள்வி, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, நரம்பிலிருந்து புரதத்துக்கும், புரதத்திலிருந்து ஜீனுக்கும் இடம்பெயர்ந்து வந்திருக்கிறது. அவ்வக்காலத்துச் சாஸ்திரக்ஞர் தம் கையிலிருந்த கருவி எதைக் காட்ட வல்லதோ அதிலேயே விடையைத் தேடினர்.

பிற்காலத்தில் நாய்களின் உமிழ்நீர்ப் பரிசோதனைகளால் உலகறிந்த பாவ்லோவ், 1885-ஆம் ஆண்டில், நன்னீர்ச் சிப்பியின் தசையை இறுக்குவதற்கு மட்டுமன்றித் தளர்த்துவதற்கும் நரம்பு உண்டு என்று காட்டினார். தளர்வு என்பது இறுக்கத்தின் வெறும் முடிவன்று, அதுவே ஒரு தனிக் காரியம் என்ற கருத்து அதில் அடங்கியிருந்தது. 1912-இல் யெக்ஸ்கியூல் என்ற ஜெர்மானிய உயிரியலார், ஸ்காலப்பை ஆராய்ந்து, அசைக்கும் தசை வேறு, பூட்டும் தசை வேறு என்று வகுத்தார். தளர்த்தும் வஸ்து எது என்பது, 1954-இல் பெட்டி ட்வாரோக் என்ற அமெரிக்க அம்மையார், பாறையில் ஒட்டி வாழும் மைட்டிலஸ் சிப்பியின் தசையை அசிடைல்கோலின் இறுகச் செய்கிறது, செரோடோனின் அவிழ்க்கிறது என்று வெளியிட்ட பின்னரே தெளிவாயிற்று.

இதனிடையே எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்துவிட்டது. பூட்டுத் தசையின் தடித்த நுண்ணிழைகள், முதுகெலும்புப் பிராணிகளின் இழைகள் சுமார் 1.6 மைக்ரோமீட்டர் நீளமே உடையனவாயிருக்க, அவற்றினும் பன்மடங்கு நீண்டு, சில 100 நானோமீட்டர் வரை பருத்தும் காணப்பட்டன. அவற்றின் உட்கருவாக அமைந்திருந்தது பாராமயோசின் என்ற புரதம். இப்புரதம் பூட்டுத் தசையில் அபரிமிதமாயிருக்கக் கண்டவர்கள், இதுவே பூட்டு என்று முடிவு கட்ட முற்பட்டது இயல்பே. ரூக் முதலியோர் பாராமயோசினே இறுகி நின்று பாரத்தைத் தாங்குகிறது என்றனர். லோவியும் மில்மனும், அவ்வாறன்று, மெல்லிய இழையின் புரதமாகிய ஆக்டினையும் தடித்த இழையின் புரதமாகிய மயோசினையும் இணைக்கும் பாலங்களே மெல்ல விடுபடுகின்றன என்று 1963-இல் வாதித்தனர். பாராமயோசினுக்கு அன்று அளிக்கப்பட்ட மரியாதை சற்று அதிகம் என்பதே என் துணிபு. பூட்டும் திறனற்ற பூச்சிகளின் தசைகளிலும், புழுக்களின் தசைகளிலும் அப்புரதம் இருக்கிறதல்லவா? நீண்ட இழை அநேகம் பாலங்களைத் தாங்கி மிகுந்த விசையைத் தருமென்பது மெய்; அவ்விசையை நீடிக்கச் செய்வது வேறொன்றாகவே இருத்தல் வேண்டும்.

அந்த வேறொன்றைத் தேடும் பாதை மயோசினை நோக்கித் திரும்பியது. முதுகெலும்புப் பிராணிகளின் எலும்புத் தசையில், கால்சியம் ஆக்டின் இழையிலுள்ள ட்ரோபோனினைத் தீண்டிச் சுருக்கத்தைத் தொடங்குவதை ஜப்பானியரான எபாஷி நிறுவியிருந்தார். அமெரிக்காவில் ஆண்ட்ரூ சென்ட்-ஜியார்ஜியும் அவருடன் உழைத்தவர்களுமோ, சிப்பியில் கால்சியம் மயோசினையே நேராகப் பற்றி அதை விழிப்பிக்கிறது என்று 1970-இல் காட்டினர். ஸ்காலப்பின் தசையை ஈடிடிஏ என்ற ரசாயனத்தால் கழுவினால், மயோசினின் கழுத்தைச் சுற்றியுள்ள ஒரு சிறு சங்கிலி கழன்றுபோகிறது. கால்சியத்தின் ஆளுகையும் உடன் போய்விடுகிறது. அச்சங்கிலியைத் திரும்பச் சேர்த்தால் ஆளுகையும் திரும்புகிறது. ஆயினும் இவ்வழகிய பரிசோதனை சுருக்கத்தின் தொடக்கத்தை விளக்கியதேயன்றி, வேகத்துக்கும் நிதானத்துக்கும் உள்ள பேதத்தை விளக்கவில்லை.

அப்பேதத்துக்குரிய விடை 1994-இல் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அமெரிக்கக் கிழக்குக் கரையோரத்து ஸ்காலப்பாகிய ஆர்கோபெக்டன் இர்ரேடியன்ஸில், வரித்தசைக்கும் பூட்டுத் தசைக்கும் தனித்தனி மயோசின் ஜீன்கள் இல்லை. ஒரே ஜீனின் செய்தியை ஆர்என்ஏ நிலையில் இருவேறு விதமாக வெட்டி ஒட்டியே அப்பிராணி இரண்டு மயோசின்களையும் ஆக்கிக்கொள்கிறது என்று நியிட்ராய் முதலியோர் நிரூபித்தனர். இரண்டின் பெருஞ்சங்கிலிகளும் சிற்சில இடங்களில் மட்டுமே மாறுபடுகின்றன; அவற்றுள் ஒன்று, தசைக்குச் சக்தியளிக்கும் ஏடிபி என்ற மூலக்கூறு வந்து அமரும் குழியை அடுத்த ஒரு சிறு வளையம். வரித்தசை மயோசின் ஏடிபியை விரைந்தும், மற்றது மந்தமாகவும் சிதைப்பதற்கு அவ்வளையமே ஏது என்பது அடுத்த இரண்டாண்டுகளில் புலனாயிற்று.

மந்தமாவது வேறு, பூட்டி நிற்பது வேறு. பூட்டின் திறவுகோல், சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற நூற்புழுவில் முதலில் அறியப்பட்ட ட்விச்சின் என்னும் பெரும்புரதத்தின் உறவினரிடம் இருந்தது. செரோடோனின் வந்ததும், உயிரணுவினுள் ஒரு நொதி தூண்டப்பட்டு ட்விச்சினின்மேல் பாஸ்பேட்டை ஏற்றுகிறது, அதனால் பூட்டு அவிழ்கிறது என்று சீக்மனும் பிறரும் 1998-இல் வெளியிட்டனர். ட்வாரோக் கண்டெடுத்த வஸ்துவின் வேலை, நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப்பின், இவ்வாறு மூலக்கூறளவில் விளங்கியது. ஆனால் பாஸ்பேட் ஏறாத ட்விச்சின் தடித்த இழையையும் மெல்லிய இழையையும் தானே நேராகக் கட்டிவைக்கிறதா, அல்லது மயோசின் பாலங்களை விடுபடாதபடி தடுத்து நிறுத்துகிறதா என்பதில் கருத்து வேற்றுமை எழுந்தது. அவ்வகையில், ரூகுக்கும் லோவிக்கும் இடையே நிகழ்ந்த பழைய விவாதம், பாராமயோசினின் இடத்தில் ட்விச்சினை அமர்த்திக்கொண்டு, மறுபடியும் ஆய்வுக்கூடங்களில் நடைபெறலாயிற்று.