கொல்லப்பட்டவனுக்கு ஒரு முகவரி: ஜெர்மானியச் சிப்பாய் நாவல்களும் தமிழ்ப் போர்ப் புனைவும்

பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி செல்லும் சாலையில், நந்தம்பாக்கத்தில், மெட்ராஸ் போர்க் கல்லறை இருக்கிறது. 1952-இல் அமைந்த அந்த வளாகத்தில் இரண்டாம் உலகப் போரில் இறந்த 800-க்கும் மேற்பட்ட காமன்வெல்த் படையினர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் இறந்து, இந்தியாவின் பல ஊர்க் கல்லறைகளில் பராமரிப்பின்றிப் போன ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களும் அங்கே நினைவுச் சின்னத்தில் உண்டு. பெயர், படைப்பிரிவு, இறந்த நாள்: கல் சொல்வது இவ்வளவே. இறந்தவர் யாரைக் கொன்றார் என்பதைக் கல் சொல்லாது. சொல்ல வேண்டும் என்று யாரும் கேட்பதும் இல்லை. போர் நாவலிடம் அதைக் கேட்டே ஆகவேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். சாதாரணச் சிப்பாயின் கண் வழியாகச் சொல்லப்படும் நாவலுக்கு வாசகர் உடனே மனம் இளகிவிடுகிறார். அந்த இளக்கத்தை நாவலாசிரியர் எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதில்தான் அந்த நாவலின் நேர்மை இருக்கிறது.

இந்த வகையின் தலைநூல் எரிக் மரியா ரெமார்க் எழுதிய ‘மேற்கு முனையில் எல்லாம் அமைதி’. 1928 இறுதியில் பெர்லின் நாளிதழ் ஒன்றில் தொடராக வந்து, 1929 ஜனவரியில் புத்தகமானது. ரெமார்க் போர்முனையில் இருந்தது 1917-இல் சில வாரங்கள் மட்டுமே. அந்த ஆண்டு ஜூலை இறுதியில் காயம்பட்டு மருத்துவமனைக்குப் போனவர். 1933-இல் நாஜிகள் கொளுத்திய புத்தகங்களில் இதுவும் ஒன்று. சிப்பாயைப் பலியாளாகக் காட்டிய நூல் என்று இதை இன்று சுருக்கிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி நாவலின் நடுப்பகுதியில், ஒரு குண்டுக்குழிக்குள் இருக்கிறது.

பவுல் பாய்மர் என்ற இளைஞன் இரு அணிகளுக்கும் இடைப்பட்ட வெளியில், குண்டு விழுந்த பள்ளத்தில் பதுங்கியிருக்கிறான். ஒரு பிரெஞ்சுச் சிப்பாய் அவன்மேல் வந்து விழுகிறான். பவுல் யோசிக்கவில்லை, கத்தியால் குத்துகிறான். குத்துப்பட்டவன் உடனே சாகவில்லை. துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே வெளியேற வழியில்லாமல், தான் குத்தியவன் பக்கத்திலேயே மணிக்கணக்கில் பவுல் கிடக்க வேண்டியிருக்கிறது. அவனுக்குத் தண்ணீர் புகட்டுகிறான், காயத்துக்குக் கட்டுப்போடுகிறான். உயிர் போனபின் சட்டைப்பையில் இருந்த கையேட்டை எடுத்துப் பார்க்கிறான். மனைவியின் படமும் சிறுமியின் படமும் இருக்கின்றன. பெயர் ஜெரார் துவால். தொழில் அச்சுக் கோப்பவர். அந்தக் குடும்பத்துக்கு எழுதுவேன், பணம் அனுப்புவேன் என்று இறந்தவனிடம் பவுல் வாக்குக் கொடுக்கிறான்.

விமர்சகர்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு இதற்கு அடுத்த இரண்டு பக்கங்களே முக்கியமாகப் படுகின்றன. பவுல் தன் அணிக்குத் திரும்புகிறான். மறுநாள் தோழர்கள் அவனைத் தேற்றுகிறார்கள். குறிபார்த்துச் சுடும் வீரன் ஒருவனைக் காட்டுகிறார்கள். அவன் அன்று எத்தனை பேரை வீழ்த்தினேன் என்று கணக்குச் சொல்லி மகிழ்கிறான். அதைப் பார்த்த பவுலின் மனம் சமாதானமாகிறது. போர் என்றால் போர்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். துவால் குடும்பத்துக்கு எந்தக் கடிதமும் போவதில்லை. கொன்றவனுக்குள் குற்றவுணர்வு எழுந்ததையும், ஒரே நாளில் அது கரைந்ததையும் ரெமார்க் தொடர்ச்சியாக எழுதினார். அவர் காட்டியது மன்னிப்பை அல்ல, மறதி எப்படி வேலை செய்கிறது என்பதை. நாவலின் உயரம் இதில் இருக்கிறது.

1945-க்குப் பிந்தைய ஜெர்மானியச் சிப்பாய் நாவல்களுக்கு இந்தத் துணிவு வர வெகுகாலம் ஆனது. ஹான்ஸ் ஹெல்முட் கிர்ஸ்ட் 1954-இல் தொடங்கிய ‘08/15’ வரிசையைப் பல லட்சம் பேர் படித்தார்கள். அங்கே சிப்பாய்க்கு எதிரி அவனை வதைக்கும் மேலதிகாரி. கெர்ட் லெடிக்கின் ‘ஸ்டாலின் ஆர்கன்’ (1955) எவ்வளவோ கடுமையான நூல். பாத்திரங்கள் பலருக்குப் பெயரே கிடையாது, பதவி மட்டும்தான். இரு தரப்புச் சாவையும் ஒரே இரக்கமின்மையோடு அவர் எழுதினார். ஆனாலும் களத்தில் இருப்பவர் எல்லாரும் சீருடைக்காரர். ஜெர்மானியப் படை கடந்து சென்ற ஊர்களின் சனங்களைக் காணோம்.

ஹைன்ரிஷ் பொயல் இதில் சற்று வேறானவர். 1939 முதல் 1945 வரை படையில் இருந்தவர். 1972-இல் நோபல் பரிசு பெற்றவர். அவரது ‘ஆதாமே, நீ எங்கே இருந்தாய்?’ (1951) நாவலில் இலோனா என்ற யூதப் பிறப்புடைய ஆசிரியை வருகிறாள். ஃபைன்ஹால்ஸ் என்ற சிப்பாய் அவளை நேசிக்கிறான். அவளோ முகாமுக்குக் கொண்டுபோகப்படுகிறாள். நாஜிகளின் எஸ்.எஸ். படையைச் சேர்ந்த முகாம் தலைவன் பாட்டுப் பித்துப் பிடித்தவன், கைதிகளைப் பாடவைத்துச் சோதிப்பவன். இலோனாவின் பாட்டைக் கேட்டதும் நிலைகுலைந்து அவளைச் சுடுகிறான். கொல்லப்பட்டவளுக்குப் பெயரும் குரலும் கொடுத்த நூல் என்பதில் ஐயமில்லை. ஆனால் பங்கீட்டைக் கவனியுங்கள்: காதல் சிப்பாயின் பங்கு, கொலை எஸ்.எஸ். அதிகாரியின் பங்கு. சாதாரணப் படைவீரனின் கை சுத்தமாகவே இருக்கிறது. வரலாறு அவ்வளவு சுத்தமாக இல்லை என்பதை 1995-இல் ஹாம்பர்க்கில் தொடங்கிய, ஜெர்மானியப் படையின் குற்றங்கள் பற்றிய புகைப்படக் கண்காட்சி பொதுமக்கள் முன் வைத்தது. அதற்கு எழுந்த கொந்தளிப்பு பல ஆண்டுகள் ஓயவில்லை. தம் வீட்டுக் கூடத்தில் மாலையோடு மாட்டியிருந்த படத்தை யாரும் எளிதாகக் கழற்றமாட்டார்கள் அல்லவா?

உவே டிம் 2003-இல் எழுதிய, தன் அண்ணனைப் பற்றிய நூல் இந்த வரிசைக்குக் கொஞ்சம் வெளியே நிற்பது. அது நாவல் அல்ல. அண்ணன் எஸ்.எஸ். படைப்பிரிவில் சேர்ந்து 1943-இல் உக்ரைனில் இறந்தவன். அவன் நாட்குறிப்பில் ஓர் இடம்: 75 மீட்டர் தூரத்தில் ஒரு ரஷ்யன் சிகரெட் பிடித்துக்கொண்டிருக்கிறான். அண்ணனுக்கு அவன் தன் இயந்திரத் துப்பாக்கிக்கு வாய்த்த இரை. முன்பெல்லாம் அந்த இடத்துக்கு வந்ததும் நாட்குறிப்பை மூடிவிடுவதாக டிம் எழுதுகிறார். அண்ணனைப் பற்றி எழுத முடிவெடுத்தபின் அதைத் தாண்டிப் போக மறுத்து, அந்த ரஷ்யன் யார், அந்த நேரத்தில் எதை நினைத்துக்கொண்டிருந்தான் என்று கேட்கிறார். பாசத்தை விடாமலே விசாரிக்கிற இந்த முறைதான் எனக்கு அளவுகோல். ரெமார்க்கின் நாவலை எட்வர்ட் பெர்கர் 2022-இல் படமாக்கி நான்கு ஆஸ்கர் விருதுகள் பெற்ற திரைப்படத்தை இந்த அளவுகோலால் பார்த்தால், அது ரெமார்க்கிலிருந்து பின்னால் போகிறது. போர்நிறுத்தப் பேச்சுவார்த்தையும், கடைசி நிமிடத்தில் தாக்குதலுக்கு ஆணையிடும் தளபதியும் அதில் புதிதாகச் சேர்க்கப்பட்டவை. இவற்றால் சிப்பாய் மேலும் ஏமாற்றப்பட்டவனாகிறான். அவன் தானே சமாதானம் செய்துகொண்ட அந்த மறுநாள் மங்கிப்போகிறது.

தமிழுக்கு வருவோம். தமிழில் போரின் உள்ளே இருந்து எழுந்த முதல் பெரிய குரல் ப. சிங்காரம். மெடானில் வேலை பார்த்து, ஜப்பானிய ஆக்கிரமிப்பை நேரில் கண்டு, 1946-இல் திரும்பி மதுரையில் ‘தினத்தந்தி’யில் பணியாற்றியவர். ‘புயலிலே ஒரு தோணி’ (1972) பற்றி நிறையப் பேசியாயிற்று. அதன் பாண்டியன் இந்திய தேசிய இராணுவத்தின் அதிகாரி, சாகசக்காரன், தத்துவம் பேசுபவன். சாதாரணச் சிப்பாய் என்று அவனைச் சொல்ல முடியாது. நம் கேள்விக்கு நெருக்கமானது ‘கடலுக்கு அப்பால்’ (1959). பினாங்கில் வயிரமுத்துப் பிள்ளையின் கடையில் வேலை பார்த்த செல்லையா, இந்திய தேசிய இராணுவத்துக்குப் போய் வந்தவன். முதலாளி மகள் மரகதத்தின் மேல் அவனுக்குக் காதல். பிள்ளை மறுக்கிறார். காரணம் சாதியோ சொத்தோ அல்ல; துப்பாக்கி பிடித்த கை இனிப் பெட்டியடிக்குப் பணியாது என்ற கணக்கு. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிப்படியாக அடங்கி வளர்வது அந்தக் கடைகளின் ஒழுங்கு. அந்த ஏணியில் போராளிக்குப் படி கிடையாது.

திரும்பிவந்த சிப்பாய்க்கு ஊரில் இடமில்லை என்பதை ரெமார்க்கும் 1931-இல் தன் அடுத்த நாவலில் எழுதினார். அங்கே வீடு திரும்பியவன் தன் துயரத்தைச் சொல்ல ஆளின்றித் தவிக்கிறான். சிங்காரத்திடம், ஊர் அந்தச் சிப்பாயைப் பார்த்துப் பயப்படுகிறது. அந்தப் பயத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது. பிள்ளையைக் கொடியவராக்காமல் அந்த நியாயத்தை அவர் வாயிலேயே சொல்லவைத்த சிங்காரம், சிப்பாய் கொன்றும் இருப்பான் என்ற உண்மையைக் கல்லாவின் பக்கத்திலிருந்து காட்டிவிட்டார். எனினும் செல்லையா யாரைச் சுட்டான் என்று நாவல் கேட்பதில்லை. பர்மாப் போரில் இந்திய தேசிய இராணுவத்துக்கு எதிர்ப்பக்கம் நின்றவர்களில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினரும் இருந்தார்கள். தமிழன் தமிழனை எதிர்த்து நின்ற அந்தக் களத்தை நம் புனைவு இன்னும் நேராகப் பார்க்கவில்லை.

ஈழத்திலிருந்து வந்தவை இதில் வெகுதூரம் முன்னே போயின. கோவிந்தனின் ‘புதியதோர் உலகம்’ 1985-இல், அவர் தன் போராளி இயக்கத்தை விட்டு வெளியேறிய கையோடு எழுதப்பட்டது. விடுதலைக்கென்று வந்த இளைஞர்கள் தமிழ்நாட்டுப் பயிற்சி முகாம்களில் தங்கள் தோழர்களாலேயே சந்தேகிக்கப்பட்டு, வதைக்கப்பட்டு, கொல்லப்பட்டதை அது சொன்னது. ஜெர்மானியச் சமூகம் தன் படையின் குற்றத்தைப் பேச அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது. இங்கே ஒரு போராளி, போர் நடந்துகொண்டிருக்கும்போதே, தலைமறைவில் இருந்தபடி அதை எழுதினார். கலையழகில் குறை சொல்லலாம். பிரச்சாரத் தொனி அங்கங்கே தலைதூக்குவது உண்மை. அறத்துணிவில் அதற்கு இணையான போர் நாவல்கள் உலகில் சிலவே. ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) பிரான்ஸில் அகதித் தஞ்சம் கோரும் மனுவாகத் தொடங்குகிறது. மனுதாரர் தன்னைப் பலியாளாகவே காட்டியாக வேண்டும். நாவலோ அந்த மனு விட்டுவிட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே போகிறது. சிப்பாயின் சாட்சியத்தை எந்த அளவுக்கு நம்புவது என்ற கேள்வி நாவலின் வடிவத்திலேயே ஏறிவிட்டது. குணா கவியழகனின் ‘நஞ்சுண்டகாடு’ (2014) பயிற்சி முகாமின் அன்றாடத்தை நுணுக்கமாக எழுதிய நூல். அதில் போராளியின் மேல் உள்ள பரிவு அவனை விசாரிக்கும் இடத்துக்கு நகரவில்லை என்பது என் மதிப்பீடு. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களும், எல்லைக் கிராமங்களில் கொல்லப்பட்ட சிங்களரும் முன்னாள் போராளிகளின் எழுத்தில் வீடும் தொழிலும் உள்ள மனிதர்களாக வருவது இன்றும் அரிது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வெற்றிடம் தமிழ்நாட்டில், அதுவும் சென்னைக்கு அருகிலேயே இருக்கிறது. பரங்கிமலையில் 1963 முதல் அதிகாரிகள் பயிற்சி நிலையம், பல்லாவரத்தில் கண்டோன்மென்ட், தாம்பரத்தில் விமானப் படை நிலையம் என்று தென்புறநகர் பட்டாளத்தோடு வாழ்ந்த பகுதி. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப் படையில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்களும் இருந்தார்கள். தமிழ் பேசும் சிப்பாய் தமிழ் பேசும் ஊருக்குள் துப்பாக்கியோடு நுழைந்தான். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாளன்று, யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் கொல்லப்பட்டார்கள். அமைதிப் படையிலும் ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள். 1990 மார்ச்சில் படை சென்னைத் துறைமுகத்துக்குத் திரும்பியபோது முதல்வர் மு. கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. ஈழத்துப் புனைவில் அந்தப் படை வெளியிலிருந்து, சுற்றிவளைக்கப்பட்டவர்களின் கண்ணால், பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் படைக்குள் இருந்த தமிழ்ச் சிப்பாயின் கண்ணால் எழுதும் நாவலே தமிழில் ஜெர்மானியச் சிப்பாய் நாவலுக்கு உண்மையான இணையாக இருக்கும்.

அப்படி ஒரு நாவல் படையின் குற்றத்தை வெள்ளையடித்துவிடாதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. ஜெர்மானிய நாவல்களில் பாதிக்கு நேர்ந்தது அதுதான். சிப்பாயின் புழுக்கம், கண்ணிவெடிப் பயம், தமிழில் ஏசுவதைக் கேட்டும் கேளாததுபோல் நடந்த கூச்சம் என்று மட்டும் எழுதினால் அது நிச்சயம் வெள்ளையடிப்பாகும். சோதனைச் சாவடியில் அவன் நிறுத்திய பையன் எந்தத் தெருவைச் சேர்ந்தவன், மிதிவண்டியில் என்ன கட்டியிருந்தான், அவனுடைய தகப்பனுக்கு என்ன தொழில் என்பதும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தப் பையனை அவன் மறந்துபோன மறுநாளும் இருக்க வேண்டும். அன்று அங்கே இருந்த சிப்பாய்களில் மிக இளையவர்களுக்கே இன்று ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது.