சுற்றிவராத ராக்கெட்டுகள்: சிறாருக்கான விண்வெளி வரலாற்றில் செங்கல்பட்டுக் கடற்கரையின் இடம்

நாவலூரின் மென்பொருள் வளாகங்களுக்குத் தென்கிழக்கே, கோவளத்தைத் தாண்டினால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவிடந்தை. அதற்கும் தெற்கே பட்டிபுலம். 2023 பிப்ரவரி 19 அன்று, பள்ளி மாணவர்கள் உருவாக்கிய 150 பிக்கோ செயற்கைக்கோள்களுடன் பட்டிபுலத்திலிருந்து ஒரு ராக்கெட் கிளம்பியது. 2024 ஆகஸ்ட் 24 அன்று திருவிடந்தையிலிருந்து ‘ரூமி-1’ ஏவப்பட்டது. ஸ்பேஸ் ஸோன் இந்தியாவும் மார்ட்டின் குழுமமும் சேர்ந்து ஏவிய மறுபயன்பாட்டு ஹைப்ரிட் ராக்கெட் அது. 3 கியூப், 50 பிக்கோ கருவிகளைச் சுமந்து, இடம்பெயர்க்கத்தக்க ஏவுமேடையிலிருந்து எழுந்தது.

சிறாருக்கு எழுதப்படும் விண்வெளி வரலாற்றில் இவ்விரண்டுக்கும் இடம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எந்த இடம் என்பதுதான் வழக்கு. ‘செயற்கைக்கோள் ஏவினார்கள்’ என்று மட்டும் எழுதினால், படிக்கும் பிள்ளை அக்கருவிகள் இன்றும் தலைக்கு மேல் சுற்றுவதாகவே நினைக்கும். அவை சுற்றவில்லை. சுற்றுவதற்காக அந்த ராக்கெட்டுகள் வடிவமைக்கப்படவும் இல்லை.

ஒரு கிலோ எடையை 100 கி.மீ. உயரத்துக்குத் தூக்கச் சுமார் 1 மெகாஜூல் ஆற்றல் போதும். அதே எடை பூமியைத் தாழ்வட்டப் பாதையில் சுற்ற வேண்டுமானால் நொடிக்கு ஏறக்குறைய 7.8 கி.மீ. வேகம் தேவை, அந்த வேகத்துக்கு மட்டும் சுமார் 30 மெகாஜூல். காற்றின் தடையும் ராக்கெட்டின் சொந்த எடையும் இக்கணக்கில் சேரவில்லை. ஒன்பதாம் வகுப்பு இயற்பியலே போதுமான இந்தக் கணக்கைச் சிறார் நூல்கள் ஏன் தயங்கித் தவிர்க்கின்றன என்பது எனக்கு விளங்கவில்லை.

உயரம் மட்டும் போதாது என்பதற்குச் சான்று அண்மையிலேயே உண்டு. திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி உள்ளிட்ட 75 பள்ளிகளின் மாணவியர் பங்கேற்ற ஆசாதிசாட் செயற்கைக்கோள், 2022 ஆகஸ்ட் 7 அன்று இஸ்ரோவின் சிறு ஏவூர்தியான எஸ்.எஸ்.எல்.வி.யில் சென்றது. 356 கி.மீ. வட்டப் பாதைக்குப் பதிலாக, ஒரு முனையில் 76 கி.மீ. வரை தாழும் நீள்வட்டத்தில் விடப்பட்டதால் அது நிலைக்கவில்லை. உயரம் கிடைத்தது, வேகம் போதவில்லை. 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 சுற்றுப்பாதையை அடைந்தது. ஒன்பது நாள் கழித்துத்தான் பட்டிபுலம். இவ்விரு நிகழ்வுகளும் நாளால் நெருங்கியவை, வகையால் வேறானவை.

இப்படிப் பிரித்தால் பட்டிபுலம் சிறுத்துவிடும் என்று அஞ்சுவோர் கேரளத்தின் தும்பா ஏவுதளத்தை நினைத்துப் பார்க்கலாம். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து சென்ற நைக்கி-அப்பாச்சி ராக்கெட்டும் சுற்றிவரவில்லை. மேல்வளிமண்டலக் காற்றின் போக்கை அறியச் சோடியம் ஆவியைப் பரப்பிவிட்டு விழுந்தது. இந்திய விண்வெளித் திட்டம் தன் தொடக்கமாகக் கொண்டாடுவது அதைத்தான்.

இன்னும் பின்னே போகலாம். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படையை மைசூர்ப் படை முறியடித்தபோது ராக்கெட்டுகளும் பாய்ந்தன. அவற்றின் வலிமை இரும்புக் குழலில் இருந்தது: மூங்கிலும் அட்டையும் தாங்காத அழுத்தத்தை அது தாங்கியது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் ஆங்கிலேயர் கைக்குப் போன அந்த நுட்பத்திலிருந்தே பிரிட்டனின் காங்கிரீவ் ராக்கெட் வளர்ந்தது. வாலப்ஸ் தீவில் நாசாவின் வரவேற்புக் கூடத்தில் மைசூரின் திப்பு சுல்தானுடைய ராக்கெட் படையைச் சித்திரித்த ஓவியத்தைக் கண்டதை அப்துல் கலாம் பதிவு செய்திருக்கிறார். நம் பிள்ளைகளின் நூல்களோ ரைட் சகோதரர்களில் தொடங்கி ஆம்ஸ்ட்ராங்கில் நிற்கின்றன. பொள்ளிலூர் போர் வரலாற்றோடு ஒதுங்கிவிடுகிறது.

எனவே பாடநூல் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள்: ஆசாதிசாட்-2ஐ 1975இல் சுற்றுப்பாதைக்குச் சென்ற ஆர்யபட்டா வரிசையில் வையுங்கள், பட்டிபுலத்தையும் ரூமி-1ஐயும் பொள்ளிலூர், தும்பா வரிசையில் வையுங்கள். ஒவ்வோர் ஏவுதலுக்கும் எதிரே, எட்டிய உயரத்தோடு எட்டிய வேகத்தையும் அச்சிடுங்கள்.