தண்டமும் மருந்தும்: போதை நீதிமன்றங்களின் உள்முரண்

கொக்கேய்ன் கரையிறங்கும் வாயிலென்றே மியாமி நகரம் பெயர்பெற்றிருந்த 1980-களில், போதைப்பொருளுடன் பிடிபட்டவரைச் சிறைக்கு அனுப்புவதும், விடுதலையானவர் அதே குற்றத்துக்காக மறுபடியும் கூண்டேறுவதும் நித்திய அனுபவமாகிவிட, தண்டிப்பதனால் வியாதி நீங்குவதில்லையென்று காலங்கடந்தேனும் உணர்ந்த அவ்வூர் நீதித்துறையினர், சிறைக்கு மாற்றாகச் சிகிச்சையை விதிக்கும் தனி மன்றமொன்றை 1989-இல் தோற்றுவித்தனர். போதைக்கு அடிமையாயிருக்கும் நிலை தானாகவே குற்றமாகாதென அமெரிக்க உச்சநீதிமன்றம் 1962-லேயே ஒரு கலிபோர்னியா வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. ஆயினும் அந்நிலையிலிருப்பவன் செய்யாதிருக்க இயலாதவையான வாங்குதலும் வைத்திருத்தலும் குற்றங்களாகவே நீடித்தன.

அப்போது மியாமியில் அரசு வழக்கறிஞராயிருந்து இம்முயற்சிக்குத் துணைநின்ற ஜேனட் ரீனோ 1993-இல் நாட்டின் அட்டர்னி ஜெனரலானார். மறு ஆண்டு நிறைவேறிய குற்றவியல் சட்டம், புதிய சிறைகளுக்கும் இத்தகைய மன்றங்களுக்கும் ஒருங்கே பொருளுதவி வகுத்தது. அரசாங்கங்களின் தர்க்கம் அப்படித்தான் என்று நகைத்துவிடலாம். ஆனால் அதே முரண் இம்மன்றங்களின் அமைப்புக்குள்ளேயே குடியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மன்றம் கூடுவதற்கு முன்பே நீதிபதி, அரசு வழக்கறிஞர், எதிர்வழக்கறிஞர், சிகிச்சை நிலையத்தார், கண்காணிப்பு அலுவலர் ஆகியோர் ஒன்றாயமர்ந்து, சிகிச்சையில் சேர்ந்த ஒவ்வொருவருடைய சிறுநீர்ப் பரிசோதனை முடிவையும் வருகையையும் அலசுகின்றனர். பின்னர் அவர் முன்வந்து நிற்க, நீதிபதி வழக்கறிஞரை விடுத்து அவரிடமே நேரில் பேசுகிறார்: வேலை கிடைத்ததா, தாயாரின் உடல்நலம் எப்படி, சென்ற வாரம் ஏன் வரவில்லை? பரிசோதனையில் தேறியவருக்கு மன்றம் முழுவதும் கைதட்டுகிறது. தவறியவர் சில நாள் சிறைக்குப் போகவும் நேரலாம். வழக்கமாக ஓராண்டுக்குக் குறையாத இச்சோதனையைக் கடந்தவர்மீதுள்ள வழக்கு தள்ளுபடியாகிறது, அல்லது தண்டனை குறைகிறது.

பயனில்லையென்று சொல்வதற்கில்லை. 23 மன்றங்களை ஆராய்ந்து 2011-இல் வெளிவந்த பெரிய மதிப்பீடு, இவற்றில் சேர்ந்தோரிடம் குற்றமும் போதைப் பழக்கமும் குறைந்ததைக் கண்டது. அத்துடன், நீதிபதி தம்மை மரியாதையுடனும் நியாயத்துடனும் நடத்தினார் என்று கருதியவர்களே மிகுதியாகப் பயன்பெற்றனர் என்பதையும் எடுத்துக்காட்டியது. சிறையச்சமின்றி எவர் சிகிச்சையில் தங்குவார் என்ற கேள்வியிலும் நியாயம் உண்டு. நிர்ப்பந்தத்தால் வந்தவரும் குணமடையக் கூடும். ஆனால் அந்நிர்ப்பந்தத்துக்குக் கொடுக்கும் விலை யாரிடமிருந்து வசூலாகிறது?

பல மன்றங்களில், சேர்வதற்கு முன்பே குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு தவறினால், வழக்காடும் உரிமையை முன்னரே இழந்துவிட்டவர், முயன்ற மாதங்களுக்கு யாதொரு கழிவுமின்றி முழுத் தண்டனையையும் அடைய நேர்கிறது. தொடக்கத்திலேயே சிறையை ஏற்றிருந்தால் அதற்குள் வெளியே வந்திருக்கவும் கூடும். அவ்வாறு தவறுவோர் பெரும்பாலும் வியாதி முற்றியவர்களே, அதாவது யாருக்காக இம்மன்றம் எழுந்ததோ அவர்களே! மருத்துவர் வியாதியின் இயல்பென்று எதிர்பார்க்கும் மறுவீழ்ச்சி, நீதிபதியின் ஏட்டில் கட்டளை மீறலாகப் பதிவாகிறது.

இதன் விபரீதத்தை மெதடோன் விவகாரம் துலக்கமாக்குகிறது. ஹெராயின் அடிமைகளுக்கு 1960-களிலிருந்தே அளிக்கப்பட்டு, உயிரிழப்பைக் குறைப்பதாக நன்கு நிரூபணமான அம்மருந்தை, ஒரு போதைக்கு மற்றொன்றை ஈடுகொடுப்பதெனக் கருதிய நீதிபதிகள் பலர் தடுத்தனர். சட்டம் பயின்றவர் மருந்துச் சீட்டில் கைவைக்கும் துணிவை வேறெந்த நோயிலாவது பொறுத்திருப்போமா? இவ்வாறு தடுக்கும் மன்றங்களுக்கு மானியமில்லையென 2015-இல் மத்திய அரசாங்கம் அறிவித்த பின்னரே பிடி தளர்ந்தது.

2001-இல் போர்ச்சுகல் வேறு வழியை மேற்கொண்டது: சொந்த உபயோகத்துக்காகப் பத்து நாள் அளவுக்கு மேற்படாமல் வைத்திருப்பவரைக் குற்றவாளியாக்காமல், சட்டம், மருத்துவம், சமூகப்பணி முதலிய துறையினர் மூவரடங்கிய குழுவின் முன் நிறுத்துகிறது. போதைக்காகத் திருடியவனுக்கு இவ்வழி போதாது. பொருளிழந்தவன் நீதி கேட்பான். அத்தகையோருக்காகச் சிகிச்சை மன்றங்கள் நிலைக்கட்டும். அங்கும் நீதிபதி கேட்க வேண்டியவை ஆஜரானாரா, புதிய குற்றம் புரிந்தாரா என்பவையே. சிறுநீரில் என்ன இருந்தது, எம்மருந்து எவ்வளவு காலம் என்பவற்றை மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும், பரிசோதனை முடிவு எதுவாயினும் அதற்காகச் சிறையில்லையென்பது சட்டத்திலேயே எழுதப்படவும் வேண்டும்.