மறந்துபோன உலகமும் மன்னிப்புக் கேட்டவளும்

இரண்டு ஜப்பானிய அனிமே தொடர்களும் சிரிப்பில் தொடங்குகின்றன. 'சீரியல் எக்ஸ்பெரிமென்ட்ஸ் லெயின்' தொடரில் 'அடுக்கு' எனப்படும் ஒவ்வொரு பகுதியும் இது நிகழ்காலம்தான் என்று அறிவிக்கும் ஒரு குரலோடு திறக்கிறது. அந்த அறிவிப்பையே கேலி செய்வதுபோல் உடனே ஒரு சிரிப்பு. 'பாரனோயா ஏஜென்ட்' தொடரின் முகப்பில் பாத்திரங்கள் ஒருவர்பின் ஒருவராகச் சிரிக்கிறார்கள்: ஒருத்தி மாடி உச்சியில், ஒருவர் நீருக்கடியில், ஒருவருக்குப் பின்னால் காளான் வடிவில் எழும் புகை. முதல் சிரிப்புக்கு முகம் இல்லை. இரண்டாவதில் முகங்கள் இருக்கின்றன, சிரிக்கக் காரணம் இல்லை. 1998இல் ஒன்று, 2004இல் மற்றொன்று. இரண்டிலும் 13 பகுதிகள். அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரே முடிச்சை இரு முனைகளிலிருந்து இருவர் அவிழ்ப்பது போலிருக்கும்.

நிழல்களைக் கவனிக்கலாம். முதல் தொடரின் நாயகி, சிறுமி லெயின் பள்ளிக்குப் போகும் தெருவில் வெயில் கண் கூசும் வெள்ளையாக அடிக்கிறது. நிழல்கள் மட்டும் வெறும் கறுப்பாக இல்லை. உள்ளே சிவப்புத் திட்டுகள் ஊறிக்கிடக்கின்றன. உலகத்தின் அடியில் வேறெதுவோ கசிகிறது என்பதை இயக்குநர் ரியூதாரோ நாகமுரா ஒரு சொல்லும் இல்லாமல் சொல்லிவிடுகிறார். 'பாரனோயா ஏஜென்ட்' இயக்குநர் சதோஷி கோன், தன் எட்டாம் பகுதியில் நிழலையே எடுத்துவிடுகிறார். சேர்ந்து சாகக் கிளம்பிய மூவர் வேடிக்கையும் விளையாட்டுமாக ஊர் சுற்றுகிறார்கள். ஒரு கட்டத்துக்குப் பிறகு அவர்களுக்கு நிழல் விழவில்லை. யாரும் அதைச் சுட்டிக்காட்டுவதில்லை. அங்கே நிழலில் ஏதோ கூடியிருக்கிறது. இங்கே நிழலே குறைந்திருக்கிறது. அங்கே முதல் காட்சியிலேயே ஐயம் பிறக்கிறது. இங்கே முடிந்தபிறகு திரும்பிப் போய்த் தேட வேண்டியிருக்கிறது.

அதே எட்டாம் பகுதிக்கு லெயினின் முதல் அடுக்கோடு இன்னொரு உறவும் உண்டு. ஜப்பானில் ஓராண்டுத் தற்கொலைகள் முதன்முறையாக 30,000ஐத் தாண்டியது லெயின் ஒளிபரப்பான 1998இல்தான். இணையத்தில் அறிமுகமாகிச் சேர்ந்து இறப்பவர்களைப் பற்றிய செய்திகள் அங்கே பரவலானது கோனின் தொடருக்கு முந்தைய ஆண்டில். லெயினின் பள்ளித்தோழி சிசா இறந்தபின் வலைக்குள்ளிருந்து மின்னஞ்சல் அனுப்புகிறாள். கோனின் மூவர் வலையில் சந்தித்து இறக்கப் புறப்படுகிறார்கள். சாவின் வழியாக வலைக்குள் போகும் பயணம் ஒன்று, வலையின் வழியாகச் சாவுக்குப் போகும் பயணம் மற்றொன்று. இதில் கோனின் பகுதிதான் சிரிக்க வைக்கிறது என்பது சங்கடமான உண்மை.

மெய்ம்மை எங்கே கிழிகிறது என்ற கேள்வியில் இரண்டும் பிரிகின்றன. லெயினுக்கு ஒரு கருவி தேவைப்படுகிறது. வயர்ட் என்னும் வலையும் நிஜ உலகும் ஒன்றோடொன்று கலப்பதற்கு நெறிமுறையும் ஷூமன் ஒத்ததிர்வும் வேண்டியிருக்கின்றன. கதாசிரியர் சியாகி கொனாகா ஒன்பதாம் அடுக்கில் ராஸ்வெல், வன்னெவர் புஷ், டெட் நெல்சனின் ஸனடு என்று ஒரு முழு ஆவணப்படத்தையே விரித்துவைக்கிறார். கோனுக்கு எந்தக் கருவியும் வேண்டாம். மாடிக்குடியிருப்பின் வாசலில் நின்று கதையளக்கும் இல்லத்தரசிகள் போதும். தரையில் சுண்ணக்கட்டியால் சமன்பாடு எழுதிக்கொண்டே போகும் கிழவரைப் பார்க்கையில், விளக்கம் தேடுவோரைக் கோன் கிண்டலடிப்பதாகவே எனக்குத் தோன்றும். லெயினின் கோட்பாடுகளுக்கு இன்று வயதாகிவிட்டது. ஆனால் அதில் ஓயாமல் ஒலிக்கும் மின்கம்பிகளின் ரீங்காரத்துக்கு வயதாகவில்லை.

வலையோ வாசலோ, இரண்டிலும் ஓடுவது வதந்திதான். ஆசிரியர்மேல் லெயினின் தோழி ஆலிஸுக்கு இருக்கும் ஆசையை வயர்டில் உலவும் இன்னொரு லெயின் ஊருக்கே பரப்பிவிடுகிறாள். கோனின் தொடரில் பாத்திர வடிவமைப்பாளரான சுகிகோ சாகி, தன்னை ஒருவன் மட்டையால் அடித்ததாக ஒரு சொல் சொல்கிறாள். அந்தச் சொல்லே மட்டைப் பையனாகச் சறுக்குக் காலணி மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுகிறது. ஒன்று மறைத்துவைத்த உண்மை, மற்றொன்று கூச்சமில்லாத பொய். இரண்டும் பரவும் வேகத்தில் வேறுபாடு இல்லை. பரவியபிறகு எது உண்மை, எது பொய் என்று கேட்பாரும் இல்லை.

இங்கேதான் எதிர்பாராத ஓர் உறவு தலைகாட்டுகிறது. கோனின் மட்டைப் பையன் கண்டபடி யாரையும் அடிப்பதில்லை. மூலையில் ஒடுக்கப்பட்டு, எங்கும் ஓட வழியில்லாமல் நிற்பவர்களிடம்தான் வருகிறான். அடிபட்டவர் முகத்தில் வலியைவிட நிம்மதி அதிகம். இனி அவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. லெயின் செய்வது என்ன? அவமானத்தில் குறுகிப்போன ஆலிஸுக்காக, நடந்ததை நடக்காததாக்குகிறாள். வகுப்பில் எல்லோர் நினைவிலிருந்தும் அழிக்கிறாள். ஆலிஸின் நினைவை மட்டும் விட்டுவைத்தது வேதனையாக முடிந்தபின், கடைசியில் எல்லாவற்றையும் அழிக்கிறாள். கரடி உடுப்பு அணிந்த இந்த ஒடிசலான சிறுமி, வேலை அளவில் பார்த்தால், தங்க மட்டை ஏந்திய அந்தப் பையனின் தமக்கை! கோனின் ஜப்பானியத் தலைப்புக்கு 'மனமயக்கத்தின் பிரதிநிதி' என்று பொருள் சொல்லலாம். அந்தப் பட்டம் லெயினுக்கும் பொருந்துகிறது.

பொருந்தாத இடம் விலையில் இருக்கிறது. மட்டைப் பையன் தரும் மறதிக்குப் பிறர் விலை கொடுக்கிறார்கள், கடைசியில் டோக்கியோவே கறுப்புக் குழம்பில் மூழ்கும் அளவுக்கு. லெயின் தரும் மறதிக்கு லெயினே விலை. ஆனால் அந்த முடிவுக்கு அவளைக் கொண்டுபோவது தத்துவம் அல்ல, ஓர் உடல். தன் நெஞ்சின்மேல் லெயினின் கையை வைத்து, துடிப்பை ஆலிஸ் உணரவைக்கிறாள். உடல் தேவையில்லை என்று வாதிட்ட, வயர்டின் கடவுளாகத் தன்னைச் சொல்லிக்கொண்ட எய்ரியின் தெய்வத்தன்மை அந்த இடத்தில் ஆட்டம் காண்கிறது. சுகிகோவை மீட்பதும் உடல்தான்: வயிற்றுவலியில் கைநழுவிய கயிறு, காரில் அடிபட்ட நாய்க்குட்டி. அப்பாவின் திட்டுக்குப் பயந்து சிறுவயதில் கட்டிய அதே மட்டைப் பையன் கதையைக் கைவிட்டு, அந்தக் குட்டியை ஏந்தி அவள் மன்னிப்புக் கேட்கிறாள். மெய்ம்மையைப் பற்றி இவ்வளவு பேசிய இரு தொடர்களும் கடைசியில் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒன்றிடம் வந்து நிற்கின்றன.

லெயினைக் கோன் எப்படிப் பார்த்திருப்பார்? துப்பறிவாளர் இகாரி பழைய காலத்து அட்டைத் தெருவில் சுகமாக ஒளிந்திருந்தபோது, அந்தத் தெருவைத் தானே மட்டையால் அடித்து நொறுக்கித்தான் வெளியே வந்தார். அழித்து எழுதிய உலகில் எல்லோரும் உணவுக்கு அமர்ந்திருக்கும் லெயினின் முடிவு, கோனின் கண்ணுக்கு இன்னோர் அட்டைத் தெருவாகவே பட்டிருக்கும். என் சாய்வும் கோன் பக்கம்தான். ஆனாலும் கணக்குப் பார்க்கையில் கை தயங்குகிறது. லெயினின் பொய்யில் சிசா உயிரோடு இருக்கிறாள், எய்ரியும் சூட் அணிந்து சலித்துக்கொள்ளும் சாதாரண ஊழியன். சுகிகோவின் உண்மை சுகிகோவை மட்டுமே காப்பாற்றுகிறது. ஊர் மீண்டும் எழுந்ததும் கைப்பேசிகளில் அதே சாக்குப்போக்குகள், கடைகளில் புதிதாக ஒரு செல்லப் பொம்மை. கிழவர் இருந்த இடத்தில் இப்போது இகாரியின் கூட்டாளியாக இருந்த மானிவா, கையில் சுண்ணக்கட்டியோடு.

லெயினின் உலகிலோ, நடைமேம்பாலத்தில், வளர்ந்துவிட்ட ஆலிஸ் லெயினை உற்றுப் பார்க்கிறாள். எங்கோ பார்த்த முகம் போலிருக்கிறது, எங்கே என்று நினைவுக்கு வரவில்லை.